பச்சை அட்டை போட்ட வண்டி

எங்கள் பக்கத்தில் ஒருவன் எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறானோ, அந்தப் பொருளுக்கு அவனைத்தான் சொந்தபந்தம் எல்லாம் வைத்தியராக நியமித்துக்கொள்ளும். என் எதிர்வீட்டுக்காரர் பிஸ்கட் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறார். தெருவில் எந்தக் குழந்தைக்கு வயிற்றுவலி வந்தாலும், பிஸ்கட் கொடுக்கலாமா வேண்டாமா என்று அவரிடம்தான் கேட்பார்கள். அவரும் கூச்சமே படாமல் இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டுப் பதில் சொல்வார். நான் வேலை செய்வது தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில், என்ஜினுக்கு வால்வு செய்கிற ஒரு கம்பெனியில். ஆகவே என் மாமியார் வீட்டுப் பக்கம் ஓடுகிற வண்டி, ஓடாத வண்டி எல்லாவற்றுக்கும் நான்தான் டாக்டர். அவர்கள் நம்பியதில் தப்பில்லை. நானும் நம்பினேன் பாருங்கள், அதுதான் தப்பு.

இத்தனை வருஷம் கழித்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சம்பவம் நடந்தபோது எனக்கு அங்கே ஏழு வருஷ சர்வீஸ். அந்த ஏழு வருஷத்தில் ஓடுகிற என்ஜின் ஒன்றைக்கூட நான் திறந்து பார்த்ததில்லை. வால்வு என்பது நீளத் தண்டும் தலையில் குடையுமாக, பெரிய ஆணி மாதிரி இருக்கும். என்ஜினுக்குள் ஒரு வால்வு பெட்ரோலும் காற்றும் உள்ளே வர வழிவிடும், இன்னொன்று புகை வெளியே போக வழிவிடும். எனக்குத் தெரிந்த இயந்திரவியல் இதோடு முடிந்தது. என் வேலை, அந்தத் தண்டை அளவு வளையத்துக்குள் விட்டுப் பார்ப்பது. சரியாக இருந்தால் பச்சை அட்டை, இல்லாவிட்டால் சிவப்பு அட்டை. அட்டையில் என் கையெழுத்து இருக்கும். (கையெழுத்து மட்டும் தலைமைப் பொறியாளர் கையெழுத்து மாதிரி நீளமாகப் போடுவேன்.)

அந்த ஏழு வருஷத்துக்குள்ளேயே ஒரு பதவி உயர்வும் வந்தது. வெளியிலிருந்து வரும் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை. "உங்கள் வால்வு போட்ட வண்டி பாதி வழியில் நிற்கிறது" என்று கடிதம் வரும். எங்களிடம் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. "எங்கள் வால்வு முறையாகப் பரிசோதிக்கப்பட்டது. குறை ஏதும் இல்லை. கார்பரேட்டர் பக்கம் பார்க்கவும்." மேலே பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். ஒரே வாக்கியத்தை நூறு தடவை எழுதினால் எழுதுகிறவனே அதை நம்பிவிடுவான். வண்டி நின்றால் காரணம் கார்பரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குள் அனுப்புகிற அந்தச் சின்னக் கிண்ணம், என்பது என் ரத்தத்தில் ஊறிப்போனது.

என் மாமனார் முனிரத்தினத்துக்கு ஊத்துக்கோட்டைக்கு அந்தாண்டை கிராமத்தில் மூன்று ஏக்கர் நெல். அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். என் மனைவி புவனாவின் தங்கை ஜமுனா பிறந்த வருஷம் வாங்கியது. கழனிக்குப் போவது, உர மூட்டை ஏற்றுவது, சந்தைக்குப் போவது எல்லாம் அதில்தான். என்ஜின் மேல் பக்கத்திலிருந்து டிக் டிக் டிக் என்று தையல் மிஷின் மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். ஏரிக்கரை திருப்பத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் என் மாமியார் குழம்பைச் சூடு பண்ண அடுப்பில் வைப்பார். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஏற்பாடு பிசகில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட வாயோடு நான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன்.

"மாமா, டேப்பட் அடிக்குது. இத்தன நாளா இப்பிடியேவா ஓட்டிக்கினு இருக்கீங்க?" என்றேன்.

"அது பொறந்ததுலருந்து அப்பிடித்தான் மாப்ள. ஓடிக்கினு கீதே, உடு," என்றார்.

விடுவேனா. மோட்டார் கொட்டகையிலிருந்து ஸ்பானர்களை எடுத்து வந்தேன். என்ஜின் தலையில் இரண்டு வட்ட மூடி இருக்கும். அதைக் கழற்றினால் வால்வின் வால் தெரியும். அதன் மேல் ஒரு சின்னத் திருகு, அதுதான் டேப்பட். திருகுக்கும் வால்வுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. திருகு அந்த இடைவெளியில் போய் முட்டும்போதுதான் டிக் என்று சத்தம் வருகிறது. கண்டுபிடித்துவிட்டேன். சத்தம் இடைவெளியிலிருந்து வருகிறது, ஆகவே இடைவெளியை மூடிவிட வேண்டும். இரண்டு திருகையும் அசையாத அளவுக்கு இறுக்கினேன். ஏழு வருஷ அனுபவம் இருக்கிறவனுக்கு அளவுகோல் எதற்கு?

வண்டியைக் கிளப்பினால் சத்தமே இல்லை. பூனை நடக்கிற மாதிரி போனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். மாமனார் வாய்விட்டுப் பாராட்டவில்லை, ஆனால் எனக்கு இன்னொரு மீன் துண்டு வைக்கச் சொன்னார். மாமியார் மட்டும், "இவரு வரதே தெரியல, கொயம்பு ஆறிப்போவுது," என்று இரண்டு நாளாக முணுமுணுத்தாராம். மாமனார் கைபேசியில் சொன்னபோது நான் சிரித்துக்கொண்டேன்.

மூன்றாவது நாள் மாமனார் கூப்பிட்டார். "மாப்ள, காலைல ஒரே ஒதைல எடுக்குது. கொஞ்ச தூரம் போனா டப்பு டப்புனு அடிச்சி நின்னுடுது. அரை மணி நேரம் கம்முனு உட்டா மறுபடி எடுக்குது. இன்னான்னு பாரேன்."

"கார்பரேட்டர்தான் மாமா. சந்தேகமே இல்ல," என்றேன். வண்டியைப் பார்க்கக்கூட இல்லை.

வண்டியை ஊத்துக்கோட்டையில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாலு கிலோமீட்டர்தான், நிற்காமல் வந்துவிட்டது. வந்ததும் கம்பெனி வழக்கப்படி ஒரு தாளில் 'ஏன், ஏன்' என்று ஐந்து கேள்வி போட்டேன். ஏன் நிற்கிறது? பெட்ரோல் போகவில்லை. ஏன் போகவில்லை? கார்பரேட்டரில் அடைப்பு. ஏன் அடைப்பு? தூசி. ஏன் தூசி? ஊர் அப்படி. ஏன் ஊர் அப்படி? அந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டேன்.

கார்பரேட்டரைக் கழற்றினால் உள்ளே கடுகு அளவிலும் மிளகு அளவிலும் பித்தளைச் சாமான்கள் வரும். ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. அதற்கு உலகத்திலேயே சிறந்த பாத்திரம் இட்லித் தட்டு என்பது என் கண்டுபிடிப்பு. ஒரு குழியில் ஊசி, ஒரு குழியில் மிதவை, ஒரு குழியில் சின்ன ஸ்பிரிங் என்று வரிசையாக வைத்துப் பெட்ரோலில் ஊறவிட்டேன். மறுநாள் இட்லி வாசம் பெட்ரோல் பங்க்கை ஞாபகப்படுத்தியது.

"இன்னாங்க, இத நம்ம பொண்ணு துண்றா," என்றாள் புவனா. தட்டை அப்படியே என் முன்னால் வைத்துவிட்டு, தனக்கும் மகளுக்கும் நாஷ்டா வாங்க வெளியே போனாள்.

கார்பரேட்டரை மாட்டினேன், உதைத்தேன், எடுத்தது. சோதனை ஓட்டமாகப் பால் பூத் வரைக்கும் போய்த் திரும்பினேன். ஒரு குறையும் இல்லை. மாமனாரிடம் கொடுத்தேன். இரண்டாவது நாளே சந்தைக்குப் போகிற வழியில் நின்றது. மறுபடி கழற்றினேன், புவனாவின் ஊக்கை எடுத்துத் துவாரம் துவாரமாகக் குத்தினேன். (அந்தத் துவாரத்தில் ஊக்கு விடவே கூடாதாம், பிறகு தெரிந்துகொண்டேன்.) மறுபடி பால் பூத். மறுபடி குறை இல்லை. மறுபடி நின்றது. மூன்றாவது தடவை இட்லித் தட்டு கிடைக்கவில்லை, புவனா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். பணியாரச் சட்டியில் வேலையை முடித்தேன். அந்த வண்டி சூடானால்தான் நிற்கிறது என்று மாமனார் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நான் மூன்று தடவையும் அதைப் பால் பூத் வரைக்கும் ஓட்டி, சூடாவதற்கு முன்பே வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இந்த அறிவை வைத்துக்கொண்டு எனக்கு எப்படிப் பதவி உயர்வு கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

மூன்றாவது சோதனை முடிந்ததும் ஒரு காரியம் செய்தேன். கம்பெனிப் பையில் கிடந்த பச்சை அட்டை ஒன்றை எடுத்து, 'சரி' என்று எழுதி, கீழே நீளமாகக் கையெழுத்துப் போட்டு, ஹேண்டில்பாரில் நூலால் கட்டினேன். வண்டி இனி நிற்காது என்பதற்கு அத்தாட்சி.

இங்கே ஜமுனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் இரண்டு வருஷமாக அரசாங்க வேலைக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை நாலு மார்க்கில் போய்விட்டது. சொந்தக்காரர்கள் மாப்பிள்ளை கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள். மாமனார் அவளிடம் சொல்லியிருந்தார்: "இந்த ஒரு வாட்டி எழுதும்மா. வரலன்னா தை மாசம் கல்யாணத்த முடிச்சிடலாம். இதுக்கு மேல என்னால பதில் சொல்ல முடியாது." அவள் அழவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. கழனிக்குச் சோறு கொண்டுபோகும்போதுகூட வரப்பில் நின்று படித்தாள். அந்தக் கடைசி வாய்ப்பு திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை. ஒன்பது மணிக்கு கேட் சாத்திவிடுவார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் எல்லோரும் மாமனார் வீட்டில்தான் இருந்தோம்.

"மாப்ள, ஆறரைக்கு ஒரு பஸ்ஸு கீது. அதுல ஏத்தி உட்டா எட்டுக்கெல்லாம் பாப்பா திருவள்ளூர் போய்டும்," என்றார் மாமனார்.

"எதுக்கு மாமா பஸ்ஸு? நம்ம வண்டி இருக்கு. நானே கொண்டும்போய் உட்டு, முடியற வரைக்கும் இருந்து கூட்டிக்கினு வரேன்."

"பேசாம பஸ்ல அனுப்புங்களேன்," என்றாள் புவனா.

ஜமுனா என்னையே பார்த்தாள். "வண்டி நின்னுடுச்சின்னா இன்னா மாமா பண்றது?"

நான் ஹேண்டில்பாரில் தொங்கிய பச்சை அட்டையைத் தட்டிக் காட்டினேன். "நின்னா என் பேர மாத்திக்கிறேன்."

மாப்பிள்ளை சொன்ன பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அதுவும் ஒரு சாபம்.

காலையில் ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். ஒரே உதையில் எடுத்தது. முப்பது கிலோமீட்டர் சொச்சம், எப்படி உருட்டினாலும் எட்டு மணிக்குள் போய்விடலாம். பின்னால் ஜமுனா, மடியில் பரீட்சை அட்டை, கண்ணாடிப் பையில் பேனாவும் ஹால் டிக்கெட்டும் குறிப்பு நோட்டும். "பாரு, சத்தமே இல்ல," என்றேன். அவள் ஏதோ மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

சீத்தஞ்சேரி தாண்டி, இரண்டு பக்கமும் காடு வருகிற இடத்தில் வண்டி இழுவை குறைந்தது. டப். டப் டப். நின்றது.

நான் பதறவில்லை. பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கார்பரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றி, துடைத்து, ஊதி, மாட்டினேன். இருபது நிமிஷம் ஆனது. உதைத்தேன், எடுத்தது. "பாத்தியா, தூசிதான்," என்றேன். அந்த இருபது நிமிஷத்தில் என்ஜின் ஆறியதுதான் எடுத்ததற்குக் காரணம் என்று என் மூளையில் ஒரு பொறிகூடத் தட்டவில்லை.

நாலு கிலோமீட்டர் போனதும் மறுபடி டப் டப். மறுபடி நின்றது. மறுபடி கிண்ணத்தைக் கழற்றினேன். மணி ஏழு நாற்பது.

அப்போதுதான் பஸ் வந்தது. ஆறரை பஸ் இல்லை, அதற்கு அடுத்தது. எங்களைப் பார்த்து அதுவாகவே வேகம் குறைத்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், வண்டி பேஜாரா? பரீட்சையா பொண்ணுக்கு? ஏறச் சொல்லு."

என் ஒரு கையில் கிண்ணம், பெட்ரோல் சொட்டுகிறது. இன்னொரு கையில் ஸ்க்ரூ டிரைவர். மைல்கல் மேல் உட்கார்ந்திருந்த ஜமுனா பையை எடுத்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். நான் ஸ்க்ரூ டிரைவர் கையை ஆட்டினேன். "நீங்க போங்க. ரெண்டு நிமிஷம்தான், எடுத்துடும்."

பஸ் போய்விட்டது. ஜமுனா மறுபடி உட்கார்ந்தாள். அவளை மட்டும் ஏற்றிவிட்டிருக்கலாம். அந்த யோசனை எனக்கு வராமலில்லை. வந்தது. ஆனால் அவள் பஸ்ஸில் போய், நான் நின்ற வண்டியோடு மாமனார் வீட்டுக்குத் திரும்பினால் இந்தப் பச்சை அட்டைக்கு என்ன மரியாதை? நான் நினைத்தது இதுதான். இதை எழுதுகிற கை இன்னமும் கூசுகிறது.

இந்தத் தடவை கிண்ணத்தை மாட்டியும் எடுக்கவில்லை. உதைத்து உதைத்துச் சட்டை நனைந்தது. இரண்டு ஷேர் ஆட்டோ வந்தது, இரண்டும் நிரம்பி வழிந்தபடி எதிர்ப்பக்கம் சந்தைக்குப் போனது. ஒரு பெரியவர் மொபெட்டை நிறுத்தி, பெண்ணைக் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். தெரியாத ஆளோடு எப்படி அனுப்புவது என்று அவரையும் அனுப்பிவிட்டேன். அங்கேயும் நான் பொறுப்பான மாப்பிள்ளை. புவனா கைபேசியில் மூன்று தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மணி எட்டைத் தாண்டியது.

ஜமுனா எழுந்து வந்தாள். "நவுருங்க மாமா," என்று சொல்லி, சுடிதாரைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு கிக்கரை ஒரு தடவை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

"மாமா, காலைல நீங்க ஒதைக்கும்போது இது எதுத்துக்கினு மேல வந்துச்சி. இப்ப வெறுங்காத்த மிதிக்கிற மாதிரி எறங்குது."

"கார்பரேட்டர் அடைச்சா அப்பிடித்தான்."

"பெட்ரோல் வரலன்னா கிக்கர் ஏன் மாமா லேசாவணும்?"

நூறு புகாருக்குப் பதில் எழுதியவனிடம் இதற்குப் பதில் இல்லை.

"இந்த பேஜாரு எப்ப ஆரம்பிச்சிது?" என்று அவளே கேட்டாள். அவளே சொன்னாள். "நீங்க அந்த டிக் டிக் சத்தத்த நிறுத்தினீங்க இல்ல, அதுக்கு மூணாவது நாள்ளருந்து."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரும்பு சூடானால் நீளும். எங்கள் கம்பெனி வரைபடங்களில் மூலையில் எழுதியிருக்கும், தினமும் பார்க்கிறேன். வால்வு நீளுவதற்காகத்தான் அந்த மெல்லிய இடைவெளி. நான் அதை அடைத்துவிட்டேன். என்ஜின் சூடானதும் வால்வு நீள்கிறது, நீள இடமில்லாமல் திருகில் முட்டுகிறது, வாசலை முழுசாகச் சாத்த முடியவில்லை. உள்ளே உண்டாகிற அழுத்தம் எல்லாம் அந்தச் சந்தில் ஓடிவிடுகிறது. அதனால்தான் கிக்கர் லேசாக இறங்குகிறது, அதனால்தான் ஆறினால் எடுக்கிறது. இரண்டாவது தடவை இன்னும் அதிகமாகச் சூடேறியதில் ஆற நேரம் பத்தவில்லை. கார்பரேட்டர் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வால்வு கம்பெனிக்காரன் வால்வைத் தவிர எல்லாவற்றையும் கழற்றியிருக்கிறேன்.

அந்த மூடியைத் திறக்கிற ஸ்பானர் மாமனார் மோட்டார் கொட்டகையில் இருந்தது. இரண்டு பேருமாக வண்டியை அடுத்த ஊரான ஒதப்பை வரைக்கும் தள்ளினோம். அவள் பரீட்சை அட்டையை முதுகுப் பக்கம் துப்பட்டாவில் செருகிக்கொண்டு தள்ளினாள். ஒரு பஞ்சர் கடை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது. கடைக்காரரிடம் எல்லாவற்றையும் விளக்க ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே கை காட்டி நிறுத்தினார்.

"டேப்பட்ட யாரு இப்பிடி டைட்டு வச்சது?"

நான் சும்மா இருந்தேன். ஜமுனாவும் சொல்லவில்லை. அந்த நன்றியை நான் மறக்க மாட்டேன்.

"எங்கிட்ட அளவு பாக்கற கேஜு கீஜெல்லாம் கெடையாது. ஒரு பேப்பர் குடும்மா," என்றார். ஜமுனா தன் குறிப்பு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். மாவட்டங்களின் அணைகள் பற்றி அவள் கையால் எழுதிய பக்கம். அதை ஓரமாகக் கிழித்து இடைவெளியில் விட்டு, திருகைத் தளர்த்தி, தாள் இழுபட்டு வருகிற பதத்தில் நிறுத்தி இறுக்கினார். "ஆறின என்ஜின்ல வெக்கணும். இப்பிக்கு இது போதும், ஓடும்." இரண்டு டேப்பட்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம்தான் ஆனது.

உதைத்தேன். கிக்கர் எதிர்த்தது. வண்டி எடுத்தது. டிக் டிக் டிக். மணி எட்டு நாற்பத்தி மூன்று.

பூண்டி ஏரியை எப்போது தாண்டினோம் என்று தெரியாது. அந்த வண்டி அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. மேட்டில் ஏறியது, லாரியை முந்தியது, எங்கேயும் திணறவில்லை. பின்னால் ஜமுனா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "போங்க மாமா, போங்க மாமா," என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள். திருவள்ளூருக்குள் நுழைந்தபோது ரயில்வே கேட் ஏதும் குறுக்கே வந்துவிடக் கூடாதே என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியபோது ஒன்பது ஆறு.

கேட் சாத்தியிருந்தது. வெளியே இன்னும் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

காவலுக்கு நின்ற போலீஸ் அம்மாவிடம் கெஞ்சினேன். "ஒம்போதுக்கு மேல யாரையும் உடக் கூடாதுன்னு ஆர்டர் சார். என் கைல ஒன்னும் இல்ல," என்றார். நான் அவரிடம் டேப்பட்டைப் பற்றி விளக்கினேன். சூடானால் வால்வு எப்படி நீளும் என்று விரலை நீட்டிக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் எனக்கு எதுக்கு சார் சொல்றீங்க," என்றார்.

உள்ளே மணி அடித்தது. ஜமுனா கெஞ்சவே இல்லை. எதிரில் இருந்த மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன். வாங்கவில்லை.

"அந்த ஆளு தானா பஸ்ஸ நிறுத்தினாரு மாமா. ஏறுன்னாரு. நீங்க போன்னு கை காட்டினீங்க."

அதற்குப் பிறகுதான் அழுதாள். முகத்தை மூடிக்கொள்ளாமல், சின்னக் குழந்தை அழுகிற மாதிரி அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். நான் செத்துப்போயிருந்தால்கூட அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். கார்பரேட்டர் பக்கம் பார்க்கவும் என்று யாருக்கு எழுதுவது?

கிளம்பும்போது அவள் ஹேண்டில்பாரில் தொங்கிய பச்சை அட்டையைப் பிய்த்து எடுத்தாள். தூக்கி எறியப்போகிறாள் என்று நினைத்தேன். ஹால் டிக்கெட்டோடு சேர்த்துக் கண்ணாடிப் பையில் வைத்துக்கொண்டாள்.

முப்பது கிலோமீட்டரும் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. நடுவழியில் எங்கேயாவது நின்று தொலையக் கூடாதா, வீட்டுக்குப் போகிற நேரம் தள்ளிப்போகுமே என்று வேண்டிக்கொண்டேன். அதுவும் நடக்கவில்லை. ஏரிக்கரை திருப்பத்தில் டிக் டிக் சத்தம் கேட்டு மாமியார் சிரித்த முகத்தோடு வாசலுக்கு வந்தார். பல நாள் கழித்து அந்தச் சத்தம் திரும்பி வந்த சந்தோஷம். பரீட்சை நேரம் முடியவே இல்லையே என்பது அப்புறம்தான் அவருக்குத் தோன்றியது போல, சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

மாமனார் கழனியிலிருந்து வந்தார். ஜமுனா உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். புவனா என்னைப் பார்த்த பார்வையில் அந்த மாசத்து இட்லி எல்லாம் கணக்குத் தீர்ந்தது. மாமனார் வண்டியைப் பார்த்தார், காது கொடுத்துக் கேட்டார், என்னைப் பார்த்தார்.

"வண்டி சரியாயிடுச்சி போலக்குது," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

தூசி என்று சொல்லியிருக்கலாம். பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, கம்பெனிப் பழக்கம். ஆனால் உள்ளே படுத்திருந்த பெண் பஞ்சர் கடையில் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"தப்பு வால்வு பக்கம்தான் மாமா," என்றேன். "வண்டில ஒன்னும் இல்ல. நான்தான் டேப்பட்ட இறுக்கினேன், வேல தெரியாம இறுக்கினேன். பஸ்ஸு வந்து நின்னுது, அதையும் நான்தான் அனுப்பினேன். ஜமுனா எழுதி தோத்துப்போவல மாமா, எழுதவே முடியாம போச்சி. இத அவ கணக்குல வச்சி தை மாசம் மாப்ள பாக்காதீங்க. இன்னொரு வருசம் குடுங்க."

என் கல்யாண வாழ்க்கையில் மாமனாரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். புகாருக்கு உண்மையான பதில் எழுதியதும் அதுதான் முதல் தடவை.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "சரி, இன்னொரு வாட்டி எழுதட்டும்," என்றார். எழுந்து உள்ளே போகப் போனவர் திரும்பி நின்றார். "ஆனா பஸ்ல போவட்டும் மாப்ள."

உள்ளேயிருந்து, "நைனா, முந்தின நாளே போய்டறேன்," என்று ஜமுனாவின் குரல் வந்தது. தூங்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அடுத்த தடவை முந்தின நாளே போய், திருவள்ளூரில் சித்தி வீட்டில் தங்கி எழுதினாள். வந்துவிட்டது. வேலை உத்தரவு வந்த அன்றைக்கு வீடே கூடியிருந்தது. நான் ஓரமாக நின்றேன். அவள் படித்த தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்தாள். நடுவில் அந்தப் பச்சை அட்டை இருந்தது. 'சரி' என்ற எழுத்து, கீழே என் நீளக் கையெழுத்து.

"ராத்திரி படிக்கும்போது தூக்கம் வந்தா இத எடுத்துப் பாப்பேன் மாமா," என்றாள். "வயிறு எரியும். தூக்கம் ஓடிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி? அன்றிலிருந்து அந்த வீட்டில் மிக்சி நின்றாலும், மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டாலும், "பச்ச அட்ட போட்டாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, 'பச்ச அட்ட'தான். மாற்றிக்கொள்கிறேன் என்று நானே சொன்னதுதானே. மாமனாரின் வண்டி இன்னமும் டிக் டிக் என்று ஓடுகிறது. நான் வருகிற நாட்களில் அதை மோட்டார் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

என் மகள் இப்போது ஆறாம் வகுப்பு. போன வாரம் அவளுக்குக் கணக்குப் பரீட்சை. காலையில் புத்தகப் பையைத் தூக்கிக் கொடுத்தபோது கணக்கு நோட்டிலிருந்து ஏதோ நழுவி விழுந்தது. எடுத்துப் பார்த்தால், ஓரமெல்லாம் மழுங்கிப்போன பச்சை அட்டை.

"அத குடுப்பா," என்று கை நீட்டினாள். "ஜமுனா சித்தி குடுத்தாங்க. ராசியான அட்டையாம்."

கொடுத்தேன். நோட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். வண்டியில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன். "வேணாம்பா," என்றாள். "பஸ்ஸு வந்துடும்."